நீற்றறையும் கோல்கொண்டாச் சிறையும்

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியிருக்கும் நம் தமிழன்பர்கள், ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்துவிட்டால் அவர்களைக் கோல்கொண்டாக் கோட்டைக்கு அழைத்துச் செல்லாமல் விடுவதில்லை. நகருக்கு மேற்கே, சார்மினாரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், பாறைக் குன்றொன்றைச் சுற்றி எழுந்து நிற்கிறது அக்கோட்டை. அதன் வாயிற்புறத்துக் குவிமாடத்தின் கீழே நின்று ஒருவர் கைதட்டினால், அவ்வோசை குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிஸார் மண்டபம் வரையிற் சென்று தெளிவாகக் கேட்கும். வழிகாட்டுவோர் அதனைச் செய்து காட்டுவர். குழந்தைகள் தாமும் தட்டி மகிழ்வர். கண்ணுக்குப் புலப்படாத ஒருவரின் வரவைக் காது முன்னதாக அறிந்துகொள்ளும் விந்தை அது.

அவ்விந்தையைக் கண்டு மேலே படியேறுவோர், வழியில் இருள் சூழ்ந்த கூடம் ஒன்றைக் காண்பர். உயரத்திலுள்ள துளையின் வழியாகச் சிறிதளவு வெளிச்சமே அதனுள் இறங்கும். சுவரிலே இராமர், சீதை, இலக்குவர், அனுமன் ஆகியோரின் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதுவே பத்ராசல இராமதாசர் அடைபட்டிருந்த சிறை என்றும், அவ்வுருவங்கள் அவர் தம் கையாற் செதுக்கியவை என்றும் வழிவழியாகக் கூறிவருகின்றனர். வந்தவர் கைகூப்பி வணங்குவர், படம் எடுத்துக்கொள்வர், உச்சியிலிருந்து நகரைப் பார்க்கும் ஆவலுடன் நடந்துவிடுவர். நாமும் பலமுறை அவ்வாறே நடந்திருக்கிறோம்.

ஆயினும் அவ்விருட்டறையில் சற்று நின்று எண்ணிப் பார்ப்போமாயின், நம் நாட்டுச் சமய சிந்தனையின் மிகப் பழைய வினா ஒன்று அங்கே நம்மை எதிர்கொள்ளும். கண், காது, மூக்கு, நாக்கு, மெய் என்னும் ஐம்பொறிகள் இறைவனை நம்மிடமிருந்து மறைக்கும் திரைகளா? அல்லது அவன் அமர்ந்திருக்கும் இருக்கைகளா? இவ்வினாவுக்கு ஏடுகள் தரும் விடை ஒருபுறம் இருக்க, இரு சிறைகள் தரும் விடையும் உண்டு. ஒன்று கோல்கொண்டாவில் உள்ளது; மற்றொன்று தமிழ்நாட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கோல்கொண்டாவின் வரலாற்றைக் காண்போம். 17-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியைக் குதுப்ஷாகி மன்னர் ஆண்டுவந்தனர். அவர்களுள் கடைசி மன்னர் அபுல் ஹசன் குதுப்ஷா. தானாஷா என்னும் பெயராலேயே அவர் மக்களால் நினைவுகூரப்படுகிறார். 1672-இல் அரியணை ஏறிய அவருக்கு மாதண்ணா என்னும் தெலுங்கு அந்தணர் அமைச்சராக விளங்கினார்; மாதண்ணாவின் உடன்பிறந்தார் அக்கண்ணாவும் உயர்பதவி வகித்தார். இவ்விருவருக்கும் மருகர் முறையினர் என்று கூறப்படுபவர் கஞ்சர்ல கோபண்ணா. இன்றைய கம்மம் மாவட்டத்து நேலகொண்டபள்ளியில் பிறந்த இவர், பால்வஞ்சப் பகுதியின் தாசில்தாராக நியமனம் பெற்றார். வரி தண்டி அரசுக் கருவூலத்துக்கு அனுப்புவது அவர் பணி.

அப்பகுதியில், கோதாவரியின் கரையில், பத்ராசலம் இருக்கிறது. ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அங்கே கூரையின்றிக் கிடந்த இராமபிரானின் திருவுருவத்தைக் கண்டு கோபண்ணாவின் உள்ளம் உருகியது. கோயில் எழுப்பினார், நகைகள் பல செய்து பூட்டினார். தண்டிய வரிப்பணம் அதற்குச் செலவாயிற்று. கருவூலத்துக்குப் பணம் வராமை கண்ட அரசு அவரைக் கோல்கொண்டாவில் சிறையிலிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அங்கே கிடந்தார் என்பது மரபு.

இவ்விடத்தில் நாம் நடுநிலை பிறழாது நோக்குதல் வேண்டும். குடிமக்களிடம் பெற்ற வரிப்பணத்தை அரசின் ஒப்புதலின்றிச் செலவிடுதல் எந்த ஆட்சியிலும் குற்றமே. மன்னர் முஸ்லிம், அடியவர் இந்து என்பதைக் கொண்டு இதனைச் சமயப் பகையாகக் காட்டுவோர் வரலாற்றை அறியாதார். அமைச்சர்கள் அந்தணர்; சிறைப்பட்டவரோ அவர்தம் உறவினர். கணக்குப் பிசகியதற்கே தண்டனை. தானாஷாவைத் தெலுங்கு மக்கள் வெறுப்புடன் நினைப்பதில்லை. அதற்குக் காரணம், இராமதாசர் கதையின் இறுதிப் பகுதி.

அப்பகுதி பலரும் அறிந்ததே. ஓரிரவு இரண்டு இளைஞர்கள் தானாஷாவின் முன் தோன்றினர். கோபண்ணாவின் ஊழியர் என்று தம்மைக் கூறிக்கொண்டனர். ஆறு லட்சம் பொன்னைக் கொட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு மறைந்தனர். விடிந்ததும், வந்தவர் இராமரும் இலக்குவருமே என்று மன்னர் உணர்ந்தார். கோபண்ணாவை விடுவித்து வணங்கினார். இது வரலாற்று ஆவணம் அன்று. பக்தி மரபின் கதை. எனினும் ஒரு சமுதாயம் தன் கதைகளை ஆழ்ந்த கருத்தின்றி அமைத்துக்கொள்வதில்லை.

இக்கதையின் வியப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இறைவனைக் கண்ணாற் கண்டவர் மன்னர். அவன் குரலைக் காதாற் கேட்டவரும், அவன் தந்த பொன்னைக் கையால் வாங்கியவரும் அவரே. பன்னிரண்டு ஆண்டுகள் ஏங்கி அழைத்த இராமதாசருக்கு அவ்விரவில் கிடைத்தவை முன்போலவே இருட்டும் சுவருமே. தமக்குக் கிட்டாத காட்சி மன்னருக்குக் கிட்டியதே என்று அவர் ஏங்கினார் என்பர் கதை சொல்வோர். ஆனால் காட்சி பெற்ற மன்னரோ அப்பொழுது எதிரே நின்றவர் யார் என்று அறியவில்லை. பொறிகள் அனைத்தும் பெற்றும் அவர் அறியவில்லை. பொறிகளுக்கு எதுவும் கிட்டாத இராமதாசர் அறிந்திருந்தார். இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

நம் நூல்கள் புலன்களைப்பற்றி இருவகையாகப் பேசுகின்றன. அடக்குக என்பது ஒரு குரல். கட உபநிடதம் உடலைத் தேராகவும், புலன்களை அத்தேரிற் பூட்டிய குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும் உருவகிக்கிறது. அடங்காக் குதிரை தேரைப் பள்ளத்தில் தள்ளும். ஆமை தன் உறுப்புகளை உள்ளிழுத்துக்கொள்வதுபோல் புலன்களை உள்ளிழுத்துக்கொள்க என்று கீதை கூறும். அதே உவமையைத் திருவள்ளுவரும் அடக்கமுடைமை அதிகாரத்திற் கையாண்டார். நம்முள் பெரும்பாலோர் சிறுவயது முதற் கேட்டது இக்குரலைத்தான். அதனால் புலன்கள் யாவும் பகைவர் என்றே எண்ணிவிட்டோம்.

மற்றொரு குரலும் அதே ஏடுகளில் ஒலிக்கிறது. ஐதரேய உபநிடதம் படைப்பை ஒரு குடிபுகு விழாவாக வருணிக்கிறது. நெருப்பு வாக்காகி வாயிற் புகுந்தது. காற்று மூச்சாகி மூக்கிற் புகுந்தது. கதிரவன் பார்வையாகிக் கண்ணிற் புகுந்தான். திசைகள் கேள்வியாகிக் காதிற் புகுந்தன. செடிகொடிகள் மயிராகித் தோலிற் புகுந்தன. திங்கள் மனமாகி நெஞ்சிற் புகுந்தான் என்கிறது அது. இக்கருத்தின்படி நம் உடல் ஒரு சிறு கோயில். ஒவ்வொரு பொறியும் ஒரு தெய்வத்தின் சன்னிதி. கண் காண்பதும் வானத்து ஞாயிறு ஒளிர்வதும் ஒரே ஆற்றலின் இரு தொழில்கள்.

கேன உபநிடதம் இன்னும் ஓரடி எடுத்து வைக்கிறது. கண்ணையும் காதையும் ஏவுகின்றவர் யார் என்று மாணவன் வினவுகிறான். காதுக்கும் காதாக, கண்ணுக்கும் கண்ணாக உள்ளிருப்பது ஒன்று உண்டு என்று ஆசான் விடை தருகிறார். பிருகதாரணியக உபநிடதத்தில் உத்தாலக ஆருணியின் வினாவுக்கு யாக்ஞவல்கியர் அளிக்கும் விடை இதனை முழுமையாக்குகிறது. மண், நீர், தீ என்று தொடங்கிக் கண், காது, மனம், தோல் வரையில் எண்ணிக்கொண்டு போகிறார். கண்ணினுள்ளே உறைபவன், கண்ணால் அறியப்படாதவன், கண்ணைத் தன் உடலாகக் கொண்டவன், உள்ளிருந்து அதனை இயக்குபவன். அவனே அந்தர்யாமி என்கிறார். பின்னாளில் இராமாநுசர், உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல் என்னும் தம் கொள்கைக்கு இப்பகுதியையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டார்.

இவ்விடையைக் கையிற்கொண்டு கோல்கொண்டாவுக்குத் திரும்புவோம். மன்னரின் கண்ணெதிரே நின்றவனை அக்கண் அறியவில்லை. ஏனெனில் கண் வெளியே மட்டும் தேடும் இயல்பினது. இராமதாசரின் கண்ணுக்கு வெளியே காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் கண்ணுக்குள் இருப்பவனை இருட்டு மறைக்க இயலாது. வெளிச்சத்தைத் தடுக்கும் சுவரை எந்த அரசும் கட்டலாம். பார்வைக்குள் இருப்பவனைத் தடுக்கும் சுவர் இல்லை. கதை நமக்குச் சொல்வது இதுவே.

இதே உண்மையைத் தமிழ் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மற்றொரு சிறை மெய்ப்பித்திருந்தது. திருநாவுக்கரசர் 7-ஆம் நூற்றாண்டினர். சமணத் துறவியாக வாழ்ந்து, கொடிய வயிற்றுநோயுற்று, தமக்கையார் திலகவதியாரின் அருளால் சைவம் திரும்பியவர். அவர்மீது சினங்கொண்ட பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் ஏழு நாள் அடைத்துவைத்தான் என்று சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் கூறுகிறது. அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

நீற்றறையின் தன்மையை எண்ணிப் பாருங்கள். சுட்ட கல்லின் வெப்பம். மூச்சை அடைக்கும் காற்று. கண்ணை எரிக்கும் தூள். ஐம்பொறிகளுக்கும் அங்கே வேதனை ஒன்றே உணவு. அவ்வறையில் இருந்துகொண்டு நாவுக்கரசர் பாடியதாகக் கூறப்படும் பாடல், நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தது. ஐந்தாம் திருமுறையில் உள்ளது. இறைவன் திருவடி நிழல் எத்தகையது என்று சொல்லப் புகுந்த அவர் எவற்றை உவமையாக எடுத்தார்? வீணையின் இசை, மாலைநேரத்து நிலவு, தென்றலின் தீண்டல், வேனிற்பருவத்தின் பொலிவு, வண்டு சூழும் பொய்கை. இசை காதுக்கு, நிலவு கண்ணுக்கு, தென்றல் மெய்க்கு. புலன் இன்பங்களைக்கொண்டே அவர் இறை இன்பத்தை அளந்து காட்டினார்.

புலன்களை வெறுத்தவர் இவ்வாறு பாடியிருக்க இயலாது. வெறுத்திருந்தால், உடல் வெந்தால் வெந்து போகட்டும் என்று பாடியிருப்பார். அவரோ வெந்துகொண்டிருந்த தோலிலே தென்றலை உணர்ந்தார். வெளியே தென்றல் இல்லை. தோலினுள் இருந்து உணர்கின்றவன் இருந்தான். யாக்ஞவல்கியர் சபையில் வாதிட்டு நிறுவிய கருத்தை நாவுக்கரசர் உடலால் வாழ்ந்து காட்டினார்.

இதனை அவர் வெளிப்படையாகவும் கூறியுள்ளார். நான்காம் திருமுறையிலுள்ள திருவங்கமாலையில், தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை எனத் தம் உறுப்புகளை ஒவ்வொன்றாக விளித்து, அதனதற்குரிய தொண்டை அதனதனிடம் ஒப்படைக்கிறார். வேலைக்காரரை ஏவும் தலைவனின் குரலாக அது ஒலிக்கவில்லை. திருவிழாவுக்கு உறவினரை ஒருவர்பின் ஒருவராக அழைக்கும் வீட்டுப் பெரியவரின் குரலாக ஒலிக்கிறது. திருமாலும் நான்முகனும் தேடிக் காணாத தலைவனைத் தம் நெஞ்சினுள்ளேயே கண்டதாகக் கூறி அப்பதிகத்தை முடிக்கிறார். புலன்களைச் சுற்றிவந்து அகத்தில் முடிகின்ற பயணம் அது. வைணவ மரபிலும் இக்கருத்து உண்டு. இருடீகேசன் என்னும் திருமால் நாமத்துக்குப் புலன்களின் தலைவன் என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். அத்தலைவனுக்குப் புலன்களாலேயே தொண்டு செய்வதுதான் பக்தி என்பது நாரத பாஞ்சராத்திரத்தின் விளக்கம்.

இராமதாசரும் அத்தொண்டையே செய்தார். சிறையில் கைக்குக் கல்லும் சுவரும் கிடைத்தன. கை உருவங்களைச் செதுக்கியது என்பர். நாவுக்குச் சொல் கிடைத்தது; நா பாடியது. அவருடைய கீர்த்தனைகளிலே வேண்டுதல் உண்டு, ஊடலும் உண்டு. ஒரு பாடலில், சீதைக்கும் இலக்குவருக்கும் பரதருக்கும் செய்த நகை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பொன் செலவாயிற்று என்று தாசில்தாரின் வழக்கப்படி கணக்குப் படிக்கிறார். பின்னர் அடிபட்ட வேதனையில் ஏசிவிட்டேன், பொறுத்தருள்க என்று இறைஞ்சுகிறார். மற்றொரு பாடலில், இறைவன் ஒரு சொல்லும் பேசவில்லையே, உன் பேச்சு அத்துணை விலை மதிப்புள்ளதாயிற்றோ என்று ஏங்குகிறார். ஏங்கிய அக்காதுக்கு விடையாகக் கிடைத்தது, அவருடைய பாட்டேயன்றி வேறில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். புலன்களில் இறைவன் இருக்கிறான் என்றால், புலன் விரும்புவதெல்லாம் நல்லதாகிவிடுமா? ஆகாது. இராமதாசரின் வாழ்வே அதற்குச் சான்று. இறைவனின் திருமேனியை அணிகளால் அழகுபடுத்திக் காணவேண்டும் என்று அவர் கண் விரும்பியது, அவ்விருப்பம் தூயதே. ஆனால் பொருள் ஊராருடையது. தூய விருப்பமும் பிறர் பொருளின்மீது கைவைத்தால் சிறைக்கு வழி திறக்கும். கதையில் இறைவனும் தன் அடியவனுக்காகக் கணக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. முழுத்தொகையையும் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற்றே அவனை மீட்டான். இக்கதையை அமைத்த மக்களின் நேர்மை போற்றத்தக்கது.

ஆகவே, அடக்குக என்னும் முதற்குரலும், உள்ளே காண்க என்னும் இரண்டாம் குரலும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஆமையின் உவமையைத் திரும்ப நோக்குவோம். ஆமை தன் கால்களை வெட்டி எறிவதில்லை. உள்ளிழுத்துப் பேணுகிறது, வேண்டுமிடத்து மீண்டும் நீட்டுகிறது. பேணத்தக்க பொருள் என்பதனாலேயே அடக்கம் தேவையாகிறது. சன்னிதிக்குக் கதவு வேண்டும். உள்ளே தெய்வம் இருப்பதால்தான் வேண்டும்.

கோல்கொண்டாவின் பிற்காலத்தையும் சொல்லிவிடுவோம். ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் முற்றுகையிட்டு 1687-இல் கோட்டையைக் கைப்பற்றியது. சிறையிட்ட தானாஷாவே சிறைப்பட்டார். தௌலதாபாத் கோட்டையில் தம் இறுதிக்காலம்வரை காவலில் இருந்தார். அரசு அழிந்தது, கருவூலம் அழிந்தது. இருட்டறையிற் பிறந்த பாட்டு அழியவில்லை. பத்ராசலத்தில் இராமநவமியன்று நடைபெறும் திருக்கல்யாணத்துக்கு அரசு சார்பில் முத்து அனுப்பும் வழக்கம் தானாஷா தொடங்கியது என்பர். நிஜாம் ஆட்சியிலும் தொடர்ந்த அவ்வழக்கம் இன்று தெலங்கானா அரசின் காலத்திலும் நடைபெறுகிறது.

அப்பாட்டு தெற்கேயும் வந்தது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847), தேவகாந்தாரி இராகத்தில் அமைந்த ‘க்ஷீரசாகர சயன’ என்னும் கீர்த்தனையில், இராமதாசரின் கட்டை அவிழ்த்த செய்தியைத் தாம் கேள்வியுற்றிருப்பதாக இராமனிடம் கூறுகிறார். கண்டேன் என்று கூறவில்லை. காதால் கேட்டதையே சான்றாகக் கொண்டார். மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஒழுங்குபடுத்திய பஜனை மரபிலும் இராமதாசர் பாடல்கள் இடம்பெற்றன. காவிரிக் கரையின் சிற்றூர்களில் தெலுங்கு அறியாதாரும் அவற்றைப் பாடினர். நம் காலத்தில் விஜயவாடா வானொலி நிலையத்தில் பணியாற்றிய பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) அவற்றை எண்ணற்ற இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தார். ஒரு மூலையில் எழுந்த ஓசை தொலைவில் இருப்போர் காதை எட்டுவது கோட்டை வாயிலுக்கு மட்டும் உரிய விந்தையன்று.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இச்செய்தி தனிப்பட உரியது. ஊரின் கோபுரத்தை நாம் பெட்டியில் வைத்துக் கொண்டுவர இயலவில்லை. ஆற்றையும் தேரையும் கொண்டுவர இயலவில்லை. ஐம்பொறிகளைக் கொண்டுவந்தோம். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரியில் முருகன் சன்னிதி மணி ஒலிக்கும்போது காது தன் ஊரை அடைகிறது. வீட்டுப் பூசையறையை உற்று நோக்குங்கள்: விளக்கு கண்ணுக்கு, மணி காதுக்கு, சாம்பிராணி மூக்குக்கு, பிரசாதம் நாவுக்கு, திருநீறும் சந்தனமும் மெய்க்கு. நம் முன்னோர் வழிபாட்டை அமைத்தபோது ஒரு பொறியையும் வெளியே நிறுத்திவைக்கவில்லை. இதனை நம் குழந்தைகளுக்கு எடுத்துச் சொன்னால், அவர்கள் தமிழை எழுதப் படிக்கத் தடுமாறினாலும் பொருளைத் தவறவிடமாட்டார்கள்.

அடுத்தமுறை உறவினருடன் கோல்கொண்டாவுக்குச் செல்லும்போது, அச்சிறைக்கூடத்தில் சில நிமிடம் பேச்சின்றி நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகப் பழக, சுவரிலுள்ள உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்படும். அவை முன்பே அங்கிருந்தவைதாம்.